க்யூர் (1997): சாகுமாவைச் சந்தேகப்படலாமா? (முடிவு வரை பேசியிருக்கிறது)

வாசகர் கேள்வி, ஜூன் 8

கியோஷி குரோசாவாவின் 'க்யூர்' என்ற ஜப்பானியப் படம் பார்த்து முடித்தேன். எல்லாரும் மாமியா, மாமியா என்றே பேசுகிறார்கள். எனக்கு அந்த மனநல மருத்துவர் சாகுமா மேல்தான் சந்தேகம். துப்பறிகிறவனுக்கு நண்பன் மாதிரி கூடவே வருகிறார். மெஸ்மர் பற்றி எல்லாம் தெரிந்து வைத்திருக்கிறார். 1898-இல் எடுத்த படச்சுருள் அவர் கையில் இருக்கிறது. அவர் வீட்டுச் சுவரிலேயே எக்ஸ் குறி. ஆரம்பப் புள்ளி இவர்தான் என்கிறேன். மறுக்க முடியுமா?

ஜூன் 8, இரவு

நான் மறுக்கிறேன். படம் பார்க்காதவர்கள் இங்கேயே நின்றுகொள்ளுங்கள், கடைசிக் காட்சி வரை எடுத்துப் பேசப் போகிறேன்.

பார்த்துப் பல நாள் ஆனவர்களுக்காகக் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். டோக்கியோவில் அடுத்தடுத்துக் கொலைகள். செத்தவர் கழுத்தில் எக்ஸ் வடிவ வெட்டு. ஆனால் ஒவ்வொரு கொலையையும் செய்தது வேறு வேறு ஆள். ஒரு பள்ளி ஆசிரியர் தன் மனைவியைக் கொல்கிறார், ஒரு போலீஸ்காரர் கூட வேலை பார்க்கிறவரைச் சுடுகிறார், ஒரு பெண் மருத்துவர் பொதுக் கழிப்பறையில் முன்பின் தெரியாத ஒருவரைக் கொல்கிறார். யாரும் ஓடி ஒளிவதில்லை என்றே சொல்லலாம், அங்கேயோ பக்கத்திலோ பிடிபடுகிறார்கள். செய்யவில்லை என்றும் சொல்வதில்லை. ஏன் செய்தாய் என்றால் மட்டும் பதில் கிடையாது. இவர்கள் எல்லாரும் சந்தித்த ஒரே ஆள் மாமியா, நினைவு தப்பிய இளைஞன். லைட்டர் சுடரையோ சிந்திய தண்ணீரையோ பார்க்கவிட்டு, கேள்வி கேட்டே ஆளை மயக்குகிறவன். விசாரிக்கிறவர் தகாபே. அவர் வீட்டில் மனைவி ஃபுமியேவுக்கு மனநோய்.

இப்போது சாகுமா. நீங்கள் அடுக்கிய சாட்சியங்கள் எல்லாம் சரி, ஆனால் அவர் எப்படிச் சாகிறார் என்பதை விட்டுவிட்டீர்கள். கையைக் குழாயோடு விலங்கு போட்டுப் பிணைத்த நிலையில், கழுத்து அறுபட்டுக் கிடக்கிறார். பின்னாலிருந்து ஆட்டிவைக்கிறவன் தன்னையே குழாயில் கட்டிக்கொள்வானா? தன் கை வேறு யார் மேலும் போய்விடக் கூடாது என்று பயந்தவன் செய்கிற காரியம் அது. கையில் இருந்த விலங்கையே நான் அவர் பக்கத்துச் சாட்சியாக வைக்கிறேன்.

ஜூன் 9

மாமியா தெரபிஸ்ட் (மனச் சிகிச்சை செய்கிறவன்) கிடையாதே, அப்புறம் எதற்கு இதை 'சந்தேகத்துக்குரிய தெரபிஸ்ட்' வகைப் படங்களோடு சேர்க்கிறீர்கள் என்று ஒருவர் கேட்டிருக்கிறார். சான்றிதழ் வாங்கியவன் இல்லைதான். மருத்துவப் படிப்புச் சூழலில் மனத்தைப் பற்றிப் படித்தவன், மெஸ்மரில் மூழ்கிப்போனவன், அறை நிறைய அந்தப் புத்தகங்கள், உள்ளே கட்டிப்போட்டுச் செத்த குரங்கு. ஆனால் அவன் செய்கிறது முழுக்க அந்த வேலைதான். எதிரில் உட்காருகிறான். கேள்வி கேட்கிறான். தன்னைப் பற்றி ஒன்றும் சொல்வதில்லை. எதிராளி பேசுகிற வரை காத்திருக்கிறான். படத்தின் பெயரே குணப்படுத்துவதைச் சொல்கிறது, அதை மறந்துவிட வேண்டாம்.

ஜூன் 11

மனோவசியத்துக்கு முன்னோடியான இந்த மெஸ்மர் யார் என்று கேட்டவருக்கு. கொஞ்சம் நீளும்.

ஃபிரான்ஸ் ஆன்டன் மெஸ்மர், 1734-இல் பிறந்த ஜெர்மன்காரர், வியன்னாவில் மருத்துவம் பார்த்தார். உடம்புக்குள்ளும் உலகத்துக்குள்ளும் கண்ணுக்குத் தெரியாத ஒரு காந்தப் பாய்மம் ஓடுகிறது, அது அடைபட்டால் நோய், திறந்துவிட்டால் குணம் என்றார். வியன்னாவில் பார்வை இல்லாத பியானோ கலைஞர் மரியா தெரேசியா பரடிஸுக்குச் சிகிச்சை செய்யப்போய்ப் பிரச்சினையாகி, 1778-இல் பாரிஸுக்கு வந்து சேர்ந்தார். பாரிஸே அவர் வாசலில் நின்றது. 1784-இல் பிரெஞ்சு அரசர் பதினாறாம் லூயி இதை விசாரிக்க ஒரு குழு போட்டார். பெஞ்சமின் ஃபிராங்க்ளின், வேதியியலாளர் லவாய்சியே, வானியலாளர் பாயி, மருத்துவர் கியோட்டின் எல்லாரும் அதில் இருந்தார்கள்.

அந்தக் குழு செய்த ஒரு சோதனை எனக்கு ரொம்பப் பிடிக்கும். ஃபிராங்க்ளின் வீட்டுத் தோட்டத்தில் ஒரே ஒரு மரத்துக்கு மட்டும் 'காந்தம் ஏற்றினார்கள்'. பன்னிரண்டு வயதுப் பையன் ஒருவனைக் கண்ணைக் கட்டிக் கூட்டிக்கொண்டு போய் வேறு மரங்களைக் கட்டிப்பிடிக்க வைத்தார்கள். அவனுக்கு வியர்த்தது, தலை வலித்தது, காந்தம் ஏற்றாத ஒரு மரத்தடியிலேயே மயங்கி விழுந்தான். பாய்மம் என்று ஒன்றும் இல்லை, கற்பனைதான் வேலை செய்கிறது என்று அறிக்கை வந்தது. சரி, பாய்மம் இல்லை. ஆனால் பையன் விழுந்தது உண்மைதானே? 'க்யூர்' நிற்பது அந்த இடத்தில்தான். மாமியாவின் லைட்டர் சுடரிலும், மேசையில் கவிழ்த்த தண்ணீர் தரையில் ஊர்ந்து போவதிலும் ஒரு சக்தியும் கிடையாது. பார்க்கிறவர் விழுகிறார்.

அதே குழு அரசருக்கு மட்டும் ரகசியமாக இன்னொரு அறிக்கை கொடுத்தது. சிகிச்சை செய்கிற ஆண், மயக்கத்தில் இருக்கிற பெண், மூடிய அறை, இதில் என்னவெல்லாம் நடக்கலாம் என்ற எச்சரிக்கை. தெரபிஸ்ட்டைச் சந்தேகப்படுவது சினிமா கண்டுபிடித்த விஷயம் இல்லை. 1784-லேயே அரசாங்கத் தாளில் ஏறிவிட்டது.

இந்தியாவிலும் இது நடந்திருக்கிறது. ஹூக்ளியில் ஜேம்ஸ் எஸ்டெய்ல் என்ற ஸ்காட்லாந்து மருத்துவர் 1845-இலிருந்து நோயாளிகளை இப்படி மயக்கத்தில் ஆழ்த்திப் பெரிய பெரிய கட்டிகளை அறுத்தெடுத்தார். மணிக்கணக்கில் நோயாளி மேல் கையை வீசிக்கொண்டிருந்தது அவரிடம் வேலை பார்த்த நம் ஊர் உதவியாளர்கள். 1846-இல் கல்கத்தாவில் இதற்கென்றே ஒரு சிறு மருத்துவமனை கொடுத்தார்கள். ஈதர், குளோரோஃபார்ம் என்ற மயக்க மருந்துகள் வந்தபின் எல்லாம் அடங்கிவிட்டது.

ஜூன் 11, பிறகு

ஜப்பானைச் சொல்லாமல் விட்டுவிட்டேன். படத்தில் வரும் 1898 சுருள் கற்பனை. ஆனால் மெய்ஜி காலத்தின் (1868-1912) கடைசியில் அங்கே மனோவசியம் பெரிய மோகமாக இருந்தது நிஜம். 1908-இல் வந்த போலீஸ் குற்றத் தண்டனை ஆணையில், கண்டபடி மனோவசியம் செய்கிறவர்களுக்குத் தண்டனை என்றே ஒரு வரி உண்டு. அரசு இதை அடக்கியது, அதனால் தலைமறைவாகத் தொடர்ந்தது என்று படம் கோடி காட்டுவது இந்த மண்ணில் நின்றுதான்.

ஜூன் 12

"மனோவசியத்தால் கொலை செய்ய வைக்கவே முடியாது, ஆகவே படமே அபத்தம்." இப்படி ஒரே வரியில் முடித்துவிட்டுப் போயிருக்கிறார் ஒருவர்.

கோபன்ஹேகன், 1951 மார்ச் 29. பாலே ஹார்ட்ரப் என்பவர் ஒரு வங்கியில் புகுந்து ஊழியர் இருவரைச் சுட்டுக் கொன்றார். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு சிறையில் இருந்தபோது பியோன் ஷோ நீல்சன் என்ற கைதி அவரோடு பழகி, தியானம், யோகம், மனோவசியம் என்று ஆளையே தன் வசம் ஆக்கிக்கொண்டார் என்று வழக்கு நடந்தது. ஹார்ட்ரப்பை நீண்ட காலம் சோதித்தவர் பவுல் ரைட்டர் என்ற மனநல மருத்துவர். 1954-இல் நீதிமன்றம் நீல்சனுக்கு ஆயுள் தண்டனை விதித்தது, வங்கிக்கு அவர் போகாதபோதும். ஐரோப்பிய மனித உரிமை ஆணையம் வரை போய்ப் பார்த்தார், ஒன்றும் ஆகவில்லை. அந்த வழக்கில் மயக்கத்தைக் கிளப்பும் குறியாக எக்ஸ் என்ற எழுத்து வருகிறது. படத்தோடு இதை முடிச்சுப் போடுவதற்காகச் சொல்லவில்லை, ஆனால் படித்தபோது எனக்கு முதுகு சில்லிட்டது.

அங்கே நடந்தது மனோவசியமா, நீண்ட கால அடிமைத்தனமா என்று இன்றும் வாதாடலாம். நான் அடிமைத்தனம் என்பேன். ஒருவரை ஒரே நொடியில் வேறு ஆளாக மாற்ற முடியும் என்று நானும் நம்பவில்லை. 'க்யூர்' அப்படிச் சொல்லவும் இல்லை. மாமியா யாருக்கும் உத்தரவு போடுவதில்லை, கவனியுங்கள். கேட்கிறான், அவ்வளவுதான்.

ஜூன் 14

இதை எழுதலாமா என்று யோசித்துக்கொண்டே இருந்தேன்.

சிராசதோ கடற்கரையில் மாமியா அந்த ஆசிரியரிடம் முதலில் கேட்பது: இது எந்த இடம்? இன்று என்ன தேதி? பதில் சொன்ன கொஞ்ச நேரத்தில் மறுபடியும் அதே கேள்வி. பிறகு: நீ யார்? பல பேர் இதைப் பயமுறுத்துகிற உத்தி என்று எழுதுகிறார்கள். எனக்கு இது வீட்டில் கேட்டுப் பழகிய கேள்வி.

அப்பா ஆர்.எம்.எஸ்ஸில் (ரயில் தபால் பிரிவு) தபால் பிரிக்கிற வேலையில் இருந்தவர். எந்தக் கிராமத்தின் பெயரைச் சொன்னாலும் அது எந்தப் பைக்குப் போகும், எந்த ரயிலில் ஏறும் என்று சொல்லிவிடுவார். பக்கவாதத்துக்குப் பிறகு அந்த ஊர்கள் எல்லாம் ஒவ்வொன்றாகக் கழன்று போயின. கடைசியில் அவர் படுத்திருந்த ஊரும் போனது.

"இது எந்த ஊரு?"

"மதுரைப்பா."

"மதுரையில யாரு வீடு?"

"நம்ம வீடுதாம்ப்பா."

"நீ யாரு?"

"உங்க பொண்ணு."

"பொண்ணுன்னா?"

இந்தக் கடைசிக் கேள்விக்கு என்ன சொல்வது? படத்தில் போலீஸ் மேலதிகாரிகள் வரிசையாக உட்கார்ந்து மாமியாவை விசாரிக்கிறார்கள். நீ யார் என்று அவன் திருப்பிக் கேட்கிறான். தலைமையகத்து ஃபுஜிவாரா என்கிறார் பெரியவர். தலைமையகத்து ஃபுஜிவாரா என்றால் யார் என்று மறுபடி கேட்கிறான். அவருக்கு வாய் அடைத்துப் போகிறது. நான் அப்படி நின்றிருக்கிறேன். ஒரு நாளைக்குப் பல தடவை ஒருவர் உன்னிடம் நீ யார் என்று கேட்டு, நீ சொல்கிற எந்தப் பதிலும் அவருக்குள் தங்கவில்லை என்றால், கொஞ்ச நாளில் அந்தப் பதில் உனக்குள்ளும் தங்காது.

ஒரு மத்தியானம் சமையலறையில் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தேன். உள்ளேயிருந்து "நீ யாரு" என்று குரல் வந்தது. பதில் சொன்னேன். மறுபடி வந்தது. கத்தியோடு திரும்பினேன். அவ்வளவுதான், வேறு ஒன்றும் நடக்கவில்லை. வாசல் வரை கூடப் போகவில்லை. ஆனால் அந்த நொடியில் எனக்குள் என்ன இருந்தது என்று எனக்குத் தெரியும், அது பாசம் இல்லை. கத்தியைத் தொட்டிக்குள் போட்டுவிட்டுக் குழாயைத் திறந்துவிட்டபடி நின்றேன். தகாபே வீட்டுக்கு வந்து, சாப்பாட்டு மேசையில் தட்டில் பச்சை மாமிசத் துண்டு இருப்பதைப் பார்க்கிற காட்சி இருக்கிறதே, அவர் கை கத்திக்குப் போகும். அதைப் பார்த்து மற்றவர்கள் அதிர்ச்சி அடைகிறார்கள். நான் "ஆமாம்" என்றேன், வாய்விட்டே.

ஜூன் 15

நேற்றைய குறிப்புக்கு எழுதிய எல்லாருக்கும் நன்றி. அப்பா போய்ச் சேர்ந்துவிட்டார், தூக்கத்தில், நிம்மதியாக. நான் நன்றாக இருக்கிறேன்.

"அப்போது உங்களுக்கு மாமியா மாதிரி ஒருவன் எதிரில் வந்திருந்தால்?" என்று கேட்டவருக்கு: வந்தார்கள், இரண்டு விதமாக. தம்பி மனைவி பிடிவாதம் பிடித்து ஒரு மனநல ஆலோசகரிடம் கூட்டிக்கொண்டு போனாள். அவர் நன்றாகக் கேட்டார், தலையை ஆட்டினார், எழுதிக்கொண்டார். அப்பா மேல் வருகிற கோபத்தை எல்லாம் கொட்டவைத்தார். நேரம் முடிந்தது, எழுந்து அனுப்பிவிட்டார். அவ்வளவுதான். அன்று சாயந்தரம் வீட்டுக்குப் போகவே எனக்குப் பயமாக இருந்தது. உள்ளே அடக்கி வைத்திருந்ததை எல்லாம் வெளியே எடுத்தாயிற்று, அதை எங்கே வைப்பது என்று தெரியவில்லை.

அப்புறம் வேறொருவரிடம் போனேன், நடுத்தர வயது அம்மா. அவரிடம் கத்தி விஷயத்தைச் சொன்னேன். அவர் திடுக்கிடவில்லை. வீட்டில் வேறு யார் இருக்கிறார்கள், மத்தியானத்தில் அப்பா பக்கத்தில் உட்கார யார் வருவார்கள் என்று கேட்டு, தம்பியை அங்கேயே ஃபோனில் பிடித்துப் பேசினார். "இன்னைக்கு ராத்திரி தூக்கம் வரலேன்னா என்ன பண்ணுவீங்க?" என்று கேட்டு நான் பதில் சொல்கிற வரை விடவில்லை. போகும்போது ஆட்டோ கிடைக்குமா என்று விசாரித்து அனுப்பினார்.

மாமியாவை நான் எடைபோடுவது இந்த இருவரை வைத்துத்தான். அவன் புதிதாக எதையும் விதைக்கவில்லை என்று நம்புகிறேன். பெண் மருத்துவரிடம், பெண் என்பதால் அவர் பட்ட அவமானத்தைத்தான் தொடுகிறான். வெறுப்பு ஏற்கெனவே அங்கே இருந்தது. மாமியா மூடியைத் திறக்கிறான், திறந்ததும் எழுந்து போய்விடுகிறான். கேட்பது மட்டும் உண்டு, கேட்டதற்குப் பொறுப்பு கிடையாது. என்னை இந்தப் படத்தில் பயமுறுத்துகிறது அதுதான்.

ஜூன் 19

இந்தப் படத்தை வெறும் உளவியல் புதிராக மட்டும் பார்க்கிறவர்கள் அது வந்த காலத்தையும் கொஞ்சம் பாருங்கள். 1995 ஜனவரியில் கோபே நிலநடுக்கம். அதே ஆண்டு மார்ச் 20, டோக்கியோ சுரங்க ரயிலில் ஓம் ஷின்ரிக்யோ என்ற மத அமைப்பு சரின் நச்சு வாயுவை விட்டது. அன்று சரின் இருந்த பையைக் குத்திப் பொத்தல் போட்டவர்களில் ஒருவர் இகுவோ ஹயாஷி, இதய அறுவை மருத்துவர். உயிரைக் காப்பாற்றுகிற படிப்புப் படித்த கை அது. அமைப்பின் தலைவர் ஷோகோ அசஹாராவும் முன்பு அக்குபங்சரும் சீன மருந்துக் கடையும் நடத்தியவர்தான். 1997-இல் கோபேயில் பதினான்கு வயதுப் பையன் ஒருவன் செய்த கொலைகளால் நாடே உறைந்து போயிருந்தது. அந்த ஆண்டு டிசம்பரில் 'க்யூர்' திரைக்கு வந்தது.

படத்துக்கு முதலில் மதப் பிரசாரகர் என்ற பொருள் வரும் பெயரைத்தான் வைத்திருந்தார் குரோசாவா. ஓம் விவகாரம் நடந்த சூட்டில் அது வேண்டாம் என்று மாற்றினார்கள். கொலை நடந்தால் டிவிக்காரர்கள் அக்கம்பக்கத்தில் போய் மைக்கை நீட்டுவதும், "நல்ல மனுஷர், சாதாரணமாத்தான் இருந்தார்" என்று அவர்கள் சொல்வதும்தான் இந்தக் கதைக்கு வித்து என்று அவரே பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். நம் ஊர்ச் செய்தியிலும் இதே வாக்கியம் வாரம் ஒரு முறை வருகிறது.

பழைய பெரிய இயக்குநர் அகிரா குரோசாவாவுக்கு இவர் உறவா என்று கேட்டவருக்கு: இல்லை.

ஜூன் 22

தகாபேயைப் பற்றி யாருமே எழுதவில்லையே! கோஜி யாகுஷோவின் நடிப்பைப் பற்றி ஒரு வரி கூட இல்லை. 2023-இல் கான் திரைப்பட விழாவில் சிறந்த நடிகர் விருது வாங்கினாரே, அவரேதான்.

சலவைக் கடைக் காட்சியை மறுபடி பாருங்கள். தகாபே துணி வாங்க நிற்கிறார். பக்கத்தில் நிற்கிற ஆள் தனக்குத்தானே பயங்கரமாக முணுமுணுக்கிறான், யாரையோ கொன்றுவிடுகிற ஆத்திரம் அந்தக் குரலில். கடைக்காரர் துணியோடு வந்ததும் முகம் மாறி, மரியாதையாக வாங்கிக்கொண்டு போகிறான். தகாபே பார்த்துக்கொண்டே நிற்கிறார். கொலை விசாரணைக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. ஆனால் மாமியா போகாத இடத்திலும் அது இருக்கிறது என்பதை இதைவிடச் சின்னதாகக் காட்ட முடியாது. எனக்குப் படத்தில் ரொம்பப் பிடித்த இடம் இது.

வீட்டில் ஃபுமியே காலி வாஷிங் மெஷினை ஓடவிடுகிறாள். தகாபே வந்து அணைக்கிறார், ஒன்றும் சொல்லாமல். திட்டுவதில்லை, கேட்பதில்லை. கடையில் இருந்தவனும் இவரும் வேறு இல்லை. வெளியே தெரியாமல் அடக்கி வைக்கக் கற்றுக்கொண்டவர், அதையே வேலைத் தகுதியாக ஆக்கிக்கொண்டவர். மாமியா அறையில் அவர் கடைசியில் வெடிக்கிறார் பாருங்கள், மனைவி ஒரு சுமை என்று கத்துகிறார், பைத்தியங்களுக்கு எல்லாம் சுலபம், என்னைப் போன்றவன்தான் நரகத்தில் இருக்கிறேன் என்கிற மாதிரி. அதுவரை அந்த மனிதரிடம் "நீங்கள் எப்படி இருக்கிறீர்கள்" என்று ஒழுங்காகக் கேட்டவன் மாமியா ஒருவன்தான். அவரைச் சுற்றிலும் மருத்துவர்கள் இருந்தும்.

ஜூன் 23

சின்னக் குறிப்பு. போலீஸ்காரர் கூட இருந்தவரைச் சுடுகிற காட்சியில் கேமரா தூரத்தில் நிற்கிறது, நகரவில்லை, இசை இல்லை, முகம் கிட்டத்தில் இல்லை. காவல் நிலைய வாசல், சைக்கிள், பகல் வெளிச்சம். வேலையோடு வேலையாக நடந்து முடிகிறது. ஹெட்ஃபோன் போட்டுப் பாருங்கள், படம் முழுக்க ஏதோ ஒரு இயந்திரத்தின் ரீங்காரம் ஓடிக்கொண்டே இருக்கும். கொரிய இயக்குநர் பொங் ஜூன் ஹோ தன் மனதுக்கு நெருங்கிய படங்களின் பட்டியலில் இதைச் சேர்த்ததில் ஆச்சரியமே இல்லை.

ஜூன் 30

சாகுமாவுக்குத் திரும்புகிறேன். கேள்வி கேட்டவர் விடுவதாக இல்லை, நல்லதுதான். "விலங்கு போட்டுக்கொண்டதால் நல்லவர் என்று ஆகிவிடுமா? அவர் ஏன் தகாபேயைத் தடுக்கவில்லை?" என்று கேட்கிறார்.

முதல் நாள் சொன்னதில் இருந்து நான் நகரவில்லை, அவர் சூத்திரதாரி இல்லை. ஆனால் இந்தக் கேள்விக்கு என்னிடம் சுலபமான பதிலும் இல்லை, அதனால் மறுபடி போட்டுப் பார்த்தேன். சாகுமா ஒவ்வொரு கட்டத்திலும் சரியாகத்தான் பேசுகிறார். மனித மனத்துக்குள் போய்ப் பார்க்க யாராலும் முடியாது என்கிறார், மாமியாவிடம் நெருங்காதே என்கிறார். ஆனால் தன் நண்பன் நடு வீட்டில் உடைந்துகொண்டிருக்கிறான் என்று தெரிந்தும் அவனைத் தன் எதிரில் உட்காரவைத்து ஒரு முறையாவது பேசவைக்கவில்லை. நண்பனுக்கு நண்பன் மருத்துவனாக இருக்கக் கூடாது என்ற விதி இருக்கிறது, எனக்கும் தெரியும். வேறொருவரிடமாவது அனுப்பியிருக்கலாம். அவருக்கு அந்தச் சுருள் மேல் இருந்த ஆர்வத்தில் கால்வாசி தகாபே மேல் இருந்திருந்தால் கதை வேறு. மெஸ்மரைப் பற்றிப் படித்துப் படித்து, சுருளில் வரும் அந்தக் கறுப்பு வெள்ளைப் பெண் கையால் போடுகிற குறியைத் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்த்து, ஒரு நாள் அதைத் தன் சுவரில் தானே போட்டுவிட்டு அது நினைவில் இல்லாமல் நிற்கிறார். இதை நான் குற்றமாகப் பார்க்கவில்லை, தொற்றாகப் பார்க்கிறேன். வார்டில் முகக்கவசம் போடாமல் வேலை பார்த்த டாக்டர் மாதிரி.

ஆகவே சந்தேகப்படுங்கள், சரி. ஆனால் கெட்டவர் என்று சந்தேகப்படாதீர்கள். தேவைப்பட்ட இடத்தில் இல்லாமல் போனவர் என்று சந்தேகப்படுங்கள்.

ஜூலை 3

ஒருவர் தனியாகக் கேட்டார், தன் அம்மாவைப் பார்த்துக்கொள்கிறாராம், இந்தப் படத்தைப் பார்க்கலாமா என்று. இப்போது வேண்டாம். அதைவிட முதலில் வாரத்தில் ஒரு மத்தியானம் உங்களுக்குப் பதிலாக அம்மா பக்கத்தில் உட்கார யாரையாவது பிடியுங்கள். அரசின் டெலிமானஸ் மனநல உதவி எண் 14416, தமிழிலும் பேசலாம், நோயாளிக்கு மட்டுமானது இல்லை அது.

ஜூலை 6

ஃபுமியேவைக் கொன்றது யார் என்பதில் மூன்று கட்சிகள் உருவாகிவிட்டன: மருத்துவமனையில் யாரோ, மாமியா முன்பே போட்டு வைத்த வசியம், தகாபே. நான் தகாபே கட்சி. கையாலேயே செய்தார் என்று சொல்லவில்லை, அவரிடமிருந்துதான் அது கிளம்பியது என்கிறேன்.

வரிசையைப் பாருங்கள். ஓகினாவாவுக்குப் போகலாம் என்று சொல்லிக்கொண்டிருந்த மனைவியைப் பேருந்தில் ஏற்றி மருத்துவமனையில் விட்டுவிடுகிறார். அந்தப் பேருந்தின் ஜன்னலுக்கு வெளியே சாலை தெரியாது, மேகம்தான் தெரியும். பிறகு பாழடைந்த கட்டடத்தில் மாமியாவைச் சுடுகிறார். பழைய ஒலிப்பதிவு உருளையில் தேய்ந்த குரல் எதையோ ஓதுகிறது, அவர் கேட்கிறார். உடனே மருத்துவமனையில் ஃபுமியேவின் உடல், கழுத்தில் எக்ஸ். அதை ஒட்டி உணவகம். முன்பு அதே மாதிரி மேசையில் சாப்பாட்டைத் தொடாமல் வைத்தவர் இப்போது தட்டைக் காலி செய்கிறார், சிகரெட் பிடிக்கிறார், முகத்தில் ஒரு தெளிச்சல். பரிமாறுகிற பெண் வந்து தட்டை எடுத்துக்கொண்டு போகிறாள், கொஞ்ச நேரத்தில் அவள் கையில் கத்தி.

தகாபே குணமாகிவிட்டார். சுமை இறங்கிவிட்டது, பசி வந்துவிட்டது. மாமியாவிடம் இருந்தது இப்போது இவரிடம் இருக்கிறது, கேள்வி கூடக் கேட்கத் தேவையில்லாத அளவுக்கு. மாமியா செய்த சிகிச்சை பலித்த ஒரே நோயாளி இவர்தான், விலையை மட்டும் ஃபுமியே கொடுத்தாள்.

மறுக்கிறவர்கள் மறுங்கள், ஆனால் அந்த உடலைக் காட்டுகிற காட்சி உருளையைக் கேட்டதற்கும் உணவகத்துக்கும் நடுவில் ஏன் வைக்கப்பட்டிருக்கிறது என்பதற்கு வேறு காரணம் சொல்லி மறுங்கள். 'மருத்துவமனையில் யாரோ' என்கிறவர்கள் இதற்கு இன்னும் பதில் சொல்லவில்லை.